மழையில்லாத இடி

(தலைப்பு: காட்டுத்தீயில் வீடுகளுக்குப் பெரிய ஆபத்து மனிதன் மூட்டும் நெருப்பா? மின்னல் மூட்டும் நெருப்பா? - ‘மின்னல் மூட்டும் நெருப்பே!’ அணியின் இரண்டாவது பேச்சு)

    

எனக்கு முன்னால பேசின அண்ணன் ரொம்பச் சாமர்த்தியமாப் பேசிட்டுப் போயிட்டாரு. அணைக்காத பீடி, குப்பைக்கு வச்ச நெருப்பு, அறுந்து விழுந்த கரண்டுக் கம்பி... ‘அமெரிக்காவுல நூறு காட்டுத்தீயில 84 மனுஷன் வச்சதுங்க’ன்னு புள்ளிவிவரம் வேற குடுத்தாரு. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) ஏன்னா அந்தக் கணக்கு உண்மை. 1992 முதல் 2012 வரை எரிந்த தீக்களை அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு.

ஆனா ஐயா, அதே காகிதத்துல அடுத்த வரியை அண்ணன் வாசிக்கவே இல்லையே! எண்ணிக்கையில மின்னல் 16 சதவீதம்தான். எரிந்துபோன நிலப்பரப்பில்? 56 சதவீதம் மின்னல் வைத்த தீ! பந்தியில உக்காந்தது பதினாறு பேரு, பாதிச் சோத்துக்கு மேல தின்னது அந்தப் பதினாறு பேரு! யாரைப் பார்த்து ஐயா சமையக்காரன் பயப்படணும்? (பலத்த கைதட்டல்)

நமக்கு இது புரியறது கொஞ்சம் கஷ்டம். ஏன்னா நம்ம ஊரு இடி வேற. இங்க வானம் உறுமினா என்ன செய்வோம்? ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ன்னு சொல்லிக்கிட்டே மாடியில காயற வத்தலை அள்ளுவோம், மாட்டைக் கொட்டத்துல கட்டுவோம். நமக்கு இடின்னா மழைக்குக் கட்டியக்காரன். இடி விழுந்து ஆள் சாகிறது உண்டு. இந்தியாவில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் அப்படிச் சாகிறார்கள், அதுவே பெரிய கொடுமை. ஊருக்கு ஒரு மொட்டைப் பனை நிற்கும், இடி விழுந்த பனைன்னு பேரு. ஆனா இடி விழுந்து ஊரே எரிஞ்சதுன்னு நம்ம பாட்டி யாரும் கதை சொன்னதில்லை. பின்னாடியே மழை வந்து அணைச்சிடும்.

மழை வரலேன்னா? அதுதான் ஐயா எங்கள் அணியோட வழக்கு.

காய்ந்த மின்னல்னு ஒண்ணு இருக்கு. மேகம் மேலே இருக்கும். மழையும் அதிலிருந்து புறப்படும். ஆனா கீழே காற்று கொதிக்கக் கொதிக்கக் காய்ஞ்சு கிடக்கிறதனால, பாதி வழியிலேயே மழைத்துளி ஆவியாப் போயிடும். தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா ‘சுர்’ருனு காணாமப் போகுதே, அந்த மாதிரி வானத்துலேயே காணாமப் போயிடும். தண்ணிதான் வராது; மின்னல் வரும். அணைக்கிறவன் பாதி வழியில திரும்பிட்டான், கொளுத்துறவன் மட்டும் வீடு வந்து சேர்ந்துட்டான்!

நடுவர்: அம்மா, ஒரு சந்தேகம். மின்னல் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுதே. அதுக்குள்ள எப்படி மரம் பத்தும்?

நல்ல கேள்வி ஐயா. கோயில்ல சூடத்தட்டு வருது. கையைச் சட்டுனு மேல காட்டி எடுத்து ஒத்திக்கிறோம். சுடுதா? சுடாது. அதே கையை அங்கேயே வச்சுக்கிட்டு நின்னா? மின்னலும் அப்படித்தான். அதன் பாதையில் காற்று 30,000 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். சூரியனோட மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. ஆனா பெரும்பாலான வெட்டு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிக்காது. சில மின்னல் மட்டும் மின்சாரத்தை விடாமப் பாய்ச்சிக்கிட்டு, ஒரு நொடியில் பத்தில் சில பங்கு நேரம் நின்னுடும். அந்த நின்ன மின்னல்தான் தீ வைக்கிற மின்னல். கை எடுக்காத சூடத்தட்டு. (கைதட்டல்)

இனி ஊருக்கு வருவோம். கலிபோர்னியா. இந்தக் கூட்டத்துலேயே மகனையோ மகளையோ சான் ஹோசேக்கு அனுப்பிட்டு, ராத்திரி வீடியோ காலுக்குக் காத்திருக்கிற தாய்மார் எத்தனை பேர் இருக்கீங்களோ! அந்த ஊருக்கு மேற்கே இருக்கிற மலை சான்டா குரூஸ் மலை. வானளாவிய செம்மரங்கள். நம்ம ஊரு செம்மரம் இல்லை ஐயா, கடத்தறதுக்கு, அது ரெட்வுட். (சிரிப்பு)

2020 ஆகஸ்ட் 16. அன்றைக்கு அதே மாநிலத்தில் மரணப் பள்ளத்தாக்கு என்கிற இடத்தில் வெயில் 54.4 டிகிரி செல்சியஸ். பசிபிக் கடலில் ஃபாஸ்டோ என்றொரு புயல் செத்து, அதோட மிச்ச ஈரம் மட்டும் கலிபோர்னியா மேல வந்து சேர்ந்தது. மேலே ஈரம், கீழே அடுப்பு. விடியறதுக்கு முன்னாலேயே தொடங்கியது இடி. 72 மணி நேரத்தில் 10,800க்கும் மேற்பட்ட மின்னல்கள். ஆகஸ்ட் 19 அன்று அந்த மாநில கவர்னர் சொன்ன கணக்கில் 367 தீ. பிறகு எண்ணி முடிக்கும்போது சுமார் 650!

எதிரணி அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்க பீடி குடிக்கிற மனுஷன் ஒரே வாரத்துல 650 இடத்துல தீ வைப்பானா? பாவம், அவனுக்கு அத்தனை தீப்பெட்டிக்கு ஏது காசு? (பலத்த சிரிப்பு)

சிரிக்கிற விஷயம் இல்லை. தீயணைப்புன்னா என்ன கணக்கு? ஓரிடத்தில் தீ, பத்து ஊர் வண்டி அங்கே ஓடி வரும். மனுஷன் வைக்கிற தீ ஒண்ணு, ரெண்டு, மூணு. ரோட்டோரம், வீட்டோரம். உடனே யாராவது பார்ப்பான், போன் போடுவான், வண்டி வரும். 650 தீ ஒரே நேரத்தில் வந்தா, எந்த ஊர் வண்டி எந்த ஊருக்கு வரும்? எல்லா ஊரிலும் தீ! போதாததற்குக் கொரோனாக் காலம். அங்கே சிறைக் கைதிகளும் தீயணைக்கப் போவாங்க. அவங்களில் பல பேரை நோய்க்குப் பயந்து முன்னாடியே விடுதலை செய்திருந்தாங்க. கவர்னர் ஆஸ்திரேலியாவையும் கனடாவையும் கூப்பிட்டு ‘ஆள் அனுப்புங்க’ன்னு கேட்டாரு. எவ்வளவு பெரிய பணக்கார நாடு!

சான்டா குரூஸ் மலையில் அன்று விழுந்த தீப்பொறிகள் முதல் இரண்டு நாள் அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் சின்னதா எரிஞ்சுக்கிட்டிருந்தது. 18-ஆம் தேதி ராத்திரி காற்று மாறியது. எல்லாம் ஒண்ணாச் சேர்ந்தது. 77,000 பேர் வீட்டைப் பூட்டிக்கிட்டு வெளியேறினார்கள். 1,490 கட்டடங்கள் சாம்பல். வண்டி வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகமாட்டேன்னு நின்னு, தோட்டத்துக் குழாயும் மண்வெட்டியுமாத் தங்கள் தெருவைத் தாங்களே காப்பாத்தினவங்களும் அந்த மலையில் உண்டு. அவங்களைப் பாராட்டறதா, திட்டறதா? எனக்கு இன்னும் தெரியலை. தப்பிச்சதனால இன்னிக்குக் கதை சொல்றாங்க.

அண்ணன் பாரடைஸ் ஊரைச் சொன்னாரு. 2018 நவம்பர். கரண்டுக் கம்பியில் பிறந்த தீ. 85 பேர் மாண்டார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அவர் சொல்லும்போது இந்த அரங்கமே அமைதியாயிடுச்சு. அதை நான் மறுத்துப் பேசினா நான் மனுஷியே இல்லை. ஆனா அதுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லணும் இல்லையா? அந்த மின்சாரக் கம்பெனி 2020 ஜூனில் கோர்ட்டில் நின்னு, 84 பேர் சாவுக்கு நாங்கள் குற்றவாளின்னு ஒத்துக்கிட்டது. இப்போ காற்று பலமா அடிக்கும்னா முன்கூட்டியே கரண்டை நிறுத்திடறாங்க. மனுஷன் வைக்கிற தீக்கு ஒரு சுவிட்சு இருக்கு. ஒரு சட்டம் இருக்கு. ஒரு குற்றவாளிக் கூண்டு இருக்கு. மின்னலுக்கு எந்த சுவிட்சை ஐயா அணைக்கிறது? யாரைக் கூண்டுல ஏத்தறது? நம்ம இந்திரனுக்கு சம்மன் அனுப்பினா, அமெரிக்கா என் எல்லை இல்லேன்னுடுவாரு! (சிரிப்பு, கைதட்டல்)

அதே பாரடைஸ் இருக்கிற பியூட் மாவட்டத்தில்தான் பேரி கிரீக் என்கிற மலைக் கிராமமும் இருக்கிறது. அந்தக் கதையை அண்ணன் சொல்லலை. நான் சொல்றேன். 2020 ஆகஸ்ட் 17-இல் அங்கிருந்து ரொம்பத் தொலைவில், ப்ளூமாஸ் காட்டுக்குள்ளே மின்னல் விழுந்தது. நடுக்காடு. பக்கத்துல வீடு கிடையாது. 650 தீயை வச்சுக்கிட்டு ஒரு அதிகாரி என்ன செய்வார்? வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற தீக்கு முதலில் ஆள் அனுப்புவார். நடுக்காட்டுத் தீ தன் முறைக்குக் காத்திருக்கும். அவரைக் குறை சொல்ல முடியுமா? முடியாது.

ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு வாரம் ஆச்சு. மூணு வாரம் ஆச்சு. இடி இடிச்சதையே ஜனங்க மறந்திருப்பாங்க. செப்டம்பர் 8. வடகிழக்கிலிருந்து காற்று. அந்தத் தீ எழுந்து, ஒரு பகல் ஒரு ராத்திரியில் 30 மைல் ஓடி வந்தது! பேரி கிரீக்கில் பெரும்பாலான வீடுகள் இல்லாமல் போயின. 15 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். எரிந்த கட்டடங்கள் 2,300க்கு மேல். இடி விழுந்த நாளுக்கும் வீடு எரிந்த நாளுக்கும் நடுவிலே 22 நாள். அந்த 22 நாளும் அந்த ஊர் ஜனங்க சமைச்சாங்க, சாப்பிட்டாங்க, தூங்கினாங்க. யாரும் அங்கே பீடி போடலை ஐயா. யாரும் ஒரு தப்பும் பண்ணலை.

மறுநாள், 9-ஆம் தேதி, என் தங்கச்சி மகன் அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். பகல் பதினோரு மணி. வானம் முழுக்கக் குங்குமப்பூக் கரைச்ச மாதிரி ஆரஞ்சு நிறம், தெருவிளக்கு எரியுது. ‘பெரியம்மா, சூரியன் வரலை’ன்னு ஒரே ஒரு வரி. நான் ஏதோ கிராபிக்ஸ்னு நினைச்சேன். பேரி கிரீக்கை எரிச்ச தீயோட புகையும், இன்னும் வடக்கே ஆகஸ்ட் மாத மின்னல்கள் மூட்டின தீயோட புகையும் சேர்ந்து வந்து மூடின வானம் அது. அந்த வடக்குத் தீ மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். நம்ம மதுரை மாவட்டத்தை விடப் பெரிசு.

இப்ப அண்ணன் எழுந்து இன்னொரு ஆராய்ச்சியைக் காட்டுவாரு, எனக்குத் தெரியும். ‘தீ நெருங்கின வீடுகளை எண்ணிப் பார்த்தா, நூத்துக்கு 97 மனுஷன் வச்ச தீ’ன்னு. அதுவும் உண்மையான ஆராய்ச்சிதான். அது எந்த வருஷம் வரைக்கும் எண்ணின கணக்கு? 1992 முதல் 2015 வரை. 2015-ஓட எண்ணி முடிச்சுக் கணக்கைக் கட்டி வச்சுட்டாங்க. சான்டா குரூசும் பேரி கிரீக்கும் அதுக்குப் பிறகு எரிஞ்சது. போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை வச்சுக்கிட்டு இந்த வருஷத்துக்கு முகூர்த்தம் பாக்கலாமா? (பலத்த கைதட்டல்)

நடுவர்: 2020 ஒரு வருஷம்தானேம்மா? ஒரு தடவை நடந்ததை வச்சு...

ஒரு தடவை இல்லை ஐயா. ஆஸ்திரேலியாவில் 2019 அக்டோபர் 26-இல் மின்னல் விழுந்து கோஸ்பர்ஸ் மலையில் பிடிச்ச தீ, ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்னுட்டு, பிப்ரவரி மழையில்தான் அடங்கிச்சு. அது நாள் கணக்கில் நின்னு எரிஞ்ச தீ. நாளே கொடுக்காத தீயும் உண்டு. கனடாவில் ஜாஸ்பர்னு மலைநகரம், 2024 ஜூலை 22. ஊருக்குத் தெற்கே மின்னல். அன்று ராத்திரியே 25,000 பேரைக் கிளம்பச் சொல்லியாச்சு. பெரும்பாலான பேர் சுற்றுலா வந்தவங்க, ஊர் வழியே தெரியாதவங்க. 24-ஆம் தேதி சாயங்காலம் தீ ஊருக்குள்ளே. ஊரிலிருந்த 1,113 கட்டடங்களில் 358 போச்சு. நாற்பத்தெட்டு மணி நேரம். ஒரு கல்யாண வீட்டைக் காலி பண்ணவே நமக்கு மூணு நாள் ஆகுது.

அப்போ வீடு எப்படித்தான் எரியுது? எல்லாரும் நினைக்கறது, தீ அலை மாதிரி வந்து வீட்டை முழுங்கிடும்னு. அப்படி இல்லை. ஜாக் கோஹன் என்று அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஒருத்தர். எரிந்த ஊர்களில் அவர் ஒரு விசித்திரத்தைக் கவனிச்சார். வீடு அடியோட சாம்பல். பக்கத்து மரம் பச்சையா நிக்குது! கனடாவில் நிஜக் காட்டுக்கே தீ வைத்து, எதிரே மரச்சுவர்களை நிறுத்தி வைத்துப் பார்த்தாங்க. முப்பது மீட்டர் தள்ளி நின்ன மரச்சுவர் பத்தவே இல்லை. அப்ப வீட்டை எரிக்கிறது எது? பொறி! காற்றில் பறந்து வர்ற தீப்பொறி. கிலோமீட்டர் கணக்காப் பறக்கும். கூரை விளிம்பில் மழைத்தண்ணி ஓடறதுக்கு ஒரு தகரக் கால் வச்சிருப்பாங்க, அதுல போன வருஷத்துச் சருகு. அங்கே போய் உட்காரும். மச்சுக்குக் காத்து போக வச்ச ஓட்டை வழியா உள்ளே நுழையும். வாசலில் தேங்காய்நார் மிதியடி, சுவரோரம் அடுக்கின விறகு, இதுல உட்காரும். அங்கே வீடெல்லாம் மரச்சட்டம். அதனாலதான் இப்போ சுவரைச் சுத்தி ஐந்து அடிக்கு எரியற பொருள் எதுவுமே வேண்டாம், ஓட்டைக்கெல்லாம் பொடிக்கண் கம்பிவலை போடுன்னு சொல்றாங்க.

சான்டா குரூஸ் மலையில் பிக் பேசின் என்றொரு பூங்கா. 1902-இல் ஏற்படுத்தினது, அந்த மாநிலத்துக்கே மூத்த பூங்கா. அந்தத் தீ அதையும் விடலை. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ரெட்வுட் மரங்கள் உடம்பெல்லாம் கரியாகி, சில மாசத்துல அடிமரத்துலேயே பச்சைத் துளிர் விட்டு நின்னுது. நடுவில மனுஷன் கட்டின அலுவலகக் கட்டடம்? கல் அடுப்பும் புகைக்கூண்டும்தான் மிச்சம்.

எங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டுட்டு, ‘அப்ப சருகை அள்ளாதது மனுஷன் தப்புதானே, நீ எதிரணிக்குப் பேசறியே’ன்னாரு. வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிரணி! (சிரிப்பு) அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்றேன். சருகை அள்ளணும்னு ஒருத்தனுக்கு எப்போ தோணும்? ‘எங்க தெருவுல எல்லாரும் ஒழுங்கானவங்க, பீடி கிடையாது, குப்பை கொளுத்தறது கிடையாது, நமக்கு ஏன் தீ வருது’ன்னு நினைக்கிறவனுக்குத் தோணவே தோணாது. எதிரணி பேசறதைக் கேட்டா அந்த நினைப்புத்தான் வரும். தீ வைக்கிறவனைப் பிடிச்சா போதும், வீடு பத்திரம்னு! முப்பது மைலுக்கு அப்பால், ஆளே இல்லாத காட்டில், மூணு வாரத்துக்கு முன்னால விழுந்த இடி நம்ம வீட்டுக்கு வரும்னு எவன் நம்பறானோ அவன்தான் ஐயா ஏணி வச்சு ஏறிச் சருகை அள்ளுவான்.

இன்னொண்ணு. எதிரணி தங்கள் தீன்னு பெருமையாச் சொல்றாங்களே, அதுக்குள்ளேயும் எங்க ஆள்தான் இருக்கான். 2009 பிப்ரவரி 7, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம். 173 பேர் மாண்ட நாள். கில்மோர் பக்கத்துல கரண்டுக் கம்பியில் பிறந்த தீ, அது உங்க தீ, ஒத்துக்கிறேன். அந்தத் தீயோட புகையே மேலே போய் இடிமேகமா மாறி, சொந்தமா மின்னலை உண்டாக்கி, சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புதுசா நெருப்பு மூட்டிச்சு. தீ பெத்த மின்னல், மின்னல் பெத்த தீ! அப்பன் உங்க அணி, பிள்ளை எங்க அணி. (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க. ஒரு நிமிஷம் ஐயா, முடிச்சிடறேன். சான்டா குரூஸ் தீயை 2020 செப்டம்பர் 22-இல் முழுசும் கட்டுக்குள்ளே வந்தாச்சுன்னு அறிவிச்சாங்க. ஜனங்க திரும்பினாங்க. மழைக்காலம் வந்தது. ஆனா அந்தப் பெரிய மரங்களோட வேருக்குள்ளே, வரட்டிக்குள்ள கனல் மாதிரி, புகையாமல் எரியாமல் உயிரோட இருந்திருக்கு. 2021 ஜனவரி, நாமெல்லாம் பொங்கலைக் கொண்டாடி முடிச்ச சமயம். அங்கே சூறைக்காற்று அடிச்சது. அதே மலையில், அதே எரிந்த பரப்பில், மறுபடியும் தீ! சில குடும்பங்களை மறுபடியும் வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னாங்க. ஆகஸ்டுல விழுந்த இடி ஐயா, தை மாசத்துல வந்து கதவைத் தட்டுது. இதுக்கு எந்த மனுஷன் மேல வழக்குப் போடறதுன்னு தீர்ப்புல நீங்கதான் சொல்லணும்.